தோழனுக்குரிய கடன்



மறைந்த தோழனுக்கு நாம் ஆற்றவேண்டிய கடன் யாது?

பெர்லினிலே கொதிகலன் தொழிற்சாலை நடாத்திய ஒட்டோ லிலியந்தால், ஓய்வு வேளைகளில் இயந்திரமில்லாச் சிறகூர்தியிற் பறந்தார். கிளாஸ்கோப் பல்கலைக்கழக உதவி விரிவுரையாளர் பேர்சி பில்ச்சர் 1895இல் அவரை நாடிச் சென்று, அவருடைய ஊர்தியிலேயே பறந்து பழகினார். 1896 ஓகஸ்ட் 9இல் லிலியந்தால் வீழ்ந்தார், மறுநாள் மறைந்தார். பில்ச்சர் அஞ்சி ஒதுங்கவில்லை, தொடர்ந்து பறந்தார்.

1899 செப்டெம்பர் 30இல், காட்டவிருந்த புதிய இயந்திர ஊர்தி பழுதுற்றது. கூடியிருந்தோரை ஏமாற்ற மனமின்றிப் பழைய சிறகூர்தியில் ஏறினார். வாற்பகுதி முறிந்தது. இரண்டு நாளில் அவரும் மாண்டார், வயது 32.

நண்பரின் துணிவைப் பில்ச்சர் போற்றினார். அவர் வீழ்ச்சி தந்த எச்சரிக்கையிலும் கூட்டத்தார் முகமே அன்று பெரிதாயிற்று. தோழனை நினைக்கும் நாம் அவன் துணிவோடு, அவன் வீழ்ச்சி புகட்டிய பாடத்தையும் ஏற்போமாக.