சின்னக் கையின் சித்திரம்

விசயதசமியன்று ஏடு தொடக்கும் காட்சியைக் கண்டிராதார் சிலரே. தட்டிலே அரிசி பரப்பியிருக்கும். பெரியவர் ஒருவர் குழந்தையின் சுட்டுவிரலைப் பற்றி ‘அ’ என்று எழுதுவிப்பார். சடங்கு முடிந்து எல்லோரும் எழுந்த பின்னர் அத்தட்டைச் சற்றே நோக்குதல் வேண்டும். குழந்தை தனியே அமர்ந்து, அதே அரிசியில் கோடுகளை இழுத்தும் அழித்தும் மகிழ்ந்துகொண்டிருக்கும். முன்னையது எழுத்து, பின்னையது சித்திரம். பின்னையதற்குப் பிறர் கை வேண்டியதில்லை.

இரண்டு வயதுக் கிறுக்கல் வீண்வேலையன்று. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒன்றோடொன்று இசைந்து இயங்கப் பழகும் காலம் அது. மூன்று வயதளவில் கோடு வளைந்து வட்டமாகின்றது. பின்னர் அவ்வட்டத்திற்கு இரு கண்களும், கீழே இரு கால்களும் முளைக்கின்றன. உடல் இல்லை, கைகள் தலையிலிருந்தே நீளும். அதுதான் அம்மா! “வயிறு எங்கே?” என்று கேட்டுத் திருத்த முனைவோர் பலர். இரண்டொரு முறை அவ்வாறு திருத்தப்பட்ட குழந்தை பென்சிலைத் திருப்பிக் கொடுத்து, “நீங்களே கீறித் தாங்கோ” என்று ஒதுங்கிவிடுகின்றது. இழப்பு அங்கேதான் நேர்கின்றது.

புகையிரதத் தொழிற்சாலையும் விமான நிலையமும் அமைந்த இரத்மலானையில் வளரும் ஐந்து வயதுக் குழந்தை, புகைவண்டியின் சுவரையும் வரையும். சுவருக்குள் இருக்கும் பயணிகளையும் முழுமையாக வரையும். கண் கண்டதை மட்டுமன்றித் தான் அறிந்ததையும் அது தாளில் இடுகின்றது.

வியன்னா நகரில் பார்வையற்ற சிறுவருக்குக் களிமண் சிற்பம் பயிற்றிய விக்டர் லோவன்பெல்ட் இதனை நன்குணர்ந்தவர். கண் காணாத முகத்தின் துயரையும் அச்சிறுவரின் விரல்கள் மண்ணிலே வடித்தன. பிறர் வரைந்த உருவங்களுக்கு நிறந்தீட்டும் புத்தகங்களை 1947இல் வெளிவந்த தமது நூலில் அவர் கண்டித்தார். 1912இல் தோன்றிய செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலை அமைந்துள்ள இரத்மலானைக்கு விரலின் அறிவு புதிய செய்தியாகாது.

இலங்கைக்கும் இவ்வெண்ணம் பழையதே. 1920இல் சித்திரத் தலைமைப் பரிசோதகராக வந்த சி. எப். வின்சர், பார்த்து வரையும் பழக்கத்தினின்றும் மாணவரை விடுவிக்க முயன்றார். அவர் பெயர்தாங்கிய சித்திரக் கழகத்தை எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் நிறுவினார். கொழும்பிலே கோரா ஏபிரகாம் 1949இல் மெல்பேர்ண் சித்திர வகுப்புகளைத் தொடங்கினார்.

வகுப்புக்குச் செல்ல இயலாத பாலருக்கு வீட்டு அடுக்களையே போதும். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்து ஒற்றினால் பூ விழும். ஈர்க்கின் நுனியை நசுக்கினால் தூரிகையாகும். மஞ்சளையும் செங்கற்றூளையும் கரியையும் தனித்தனியே கோதுமைமாக் கூழிற் குழைத்தால் விரலாற் பூசும் வர்ணங்கள் கிடைக்கும். பழைய செய்தித்தாளாயினும் முழுத்தாளாகக் கொடுத்தல் வேண்டும். தோள் அசைய இடம் வேண்டுமல்லவா? வெள்ளவத்தையின் மாடிவீட்டுச் சிறு கூடத்திலும் இது நடக்கும். விருந்தினர் வரும் நாளில் மட்டும் தவிர்ப்பது நலம்.

வரைந்து முடிந்ததும் “இது என்ன?” என்று பரீட்சை வைக்காமல், “இதன் கதையைச் சொல்லு” என்று கேட்டால் குழந்தை சொல்லும். அச்சொற்களைத் தேதியோடு தாளின் பின்புறத்தில் தாய் குறித்து வைக்கலாம். சுவரிலே அம்மாவின் படம் தொங்கும், வயிறு இல்லாமலே. விரல் நகத்தில் ஏறிய மஞ்சள் போக இரண்டு நாளாகும்.