கருவி நின்றால் முதலில் கேபிளைப் பாருங்கள்

(ஊர்காவற்றுறையில் உழவு இயந்திரச் சாரதிகளுக்காக நடந்த பயிற்சி வகுப்பில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை. வர முடியாத தோழர்களுக்காக இங்கே தருகிறோம்.)



தேயிலை மலையிலிருந்து வந்த நாங்கள் தீவுப்பகுதியில் நின்று ட்ரக்டரைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அங்குள்ள வயல்களில் ட்ரக்டர் ஓட்டுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளும் தீவுப் பிள்ளைகளும் வெளிநாட்டுப் பண்ணை வேலைக்கும் போகிறார்கள். அங்கே ட்ரக்டரில் ஏறினால் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திரை இருக்கும். "கோட்டைப் பார்த்து ஓட்டு" என்பார்கள். அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது, ஏன் திடீரென்று மறைகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

வேலை இப்படித்தான் நடக்கிறது. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செய்மதிகளின் சமிக்ஞையை ட்ரக்டர் கூரையில் உள்ள அன்ரெனா வாங்குகிறது. பக்கத்தில் நிலையாக நிற்கும் இன்னொரு நிலையத்தின் திருத்தத்தையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் துல்லியத்தில் இடம் தெரியும். அந்தத் தகவல் ஒரு யூ.எஸ்.பி. கேபிள் வழியாகத் திரைக்கு வருகிறது. மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ட்ரக்டர் ஒரு செக்கனில் இரண்டு மீற்றருக்கு மேல் ஓடிவிடும். கேபிள் ஐந்து செக்கன் விட்டுப் போனால் பதினொரு மீற்றர் தூரம் கண்ணைக் கட்டி ஓட்டிய மாதிரி.

கோடு கோணினால் பழி யாருக்கு? சாரதிக்கு. இது எங்களுக்குப் புதிய கதையல்ல. தராசு பிழைத்தாலும் கொழுந்தெடுத்த கையைத்தானே குற்றம் சொன்னார்கள்! அதனால்தான் பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிவதும் தொழிலாளியின் பாதுகாப்பு என்கிறோம்.

இந்தப் பழுதைப் பற்றித் தீவு மக்களுக்கு நன்றாகவே தெரியும். நெடுந்தீவு, நயினாதீவுக் கடலில் தொழிலுக்குப் போகிறவர்களிடம் கேளுங்கள். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடலெல்லை 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்களில் எழுதப்பட்டது. கடலில் வேலி கிடையாது. இரவில் அந்த எல்லை ஜி.பி.எஸ். திரையில் மட்டும்தான் தெரியும். உப்புக்காற்றில் செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடித்துக் கருவி அணைந்தால் தொழிலாளி பிடிபட்டுச் சிறைக்கும் போகலாம். வயலில் கோடு தவறினால் விதையும் டீசலும் நட்டம். இடம் வேறானாலும் பழுது பெரும்பாலும் ஒன்றுதான்: தொடுகை சரியில்லை.

யூ.எஸ்.பி. மேசையில் அசையாமல் இருக்கும் கணினிக்காக வந்த சொருகி. அதற்குத் திருகாணியும் இல்லை, பூட்டும் இல்லை. அதைக் குலுங்குகிற ட்ரக்டரில், புழுதியிலும் ஈரத்திலும் வைத்தால் விட்டு விட்டுத்தான் வேலை செய்யும். ஆகவே ஒழுங்காகத் தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பழுதென்று கடைசிவரை தெரியாது.

முதலாவது, பழுது வானத்திலா வயரிலா என்று பாருங்கள். "கருவி இணைக்கப்படவில்லை" என்று திரை சொன்னால் வயர் பக்கம். இணைப்பு இருக்கிறது, ஆனால் செய்மதி போதாது என்றால் வானத்துப் பக்கம்; மரநிழல், அன்ரெனா, அதன் வயர் இவற்றைப் பாருங்கள். 2024 மே 10, 11 ஆகிய நாட்களில் கடுமையான சூரியப் புயல் அடித்தபோது அமெரிக்காவில் விதைப்புக் காலத்தில் பல ட்ரக்டர்களின் வழிகாட்டி தடுமாறியது. அன்றைக்கு எத்தனை கேபிள் மாற்றினாலும் சரிவந்திராது.

இரண்டாவது, கேபிள். எஞ்சின் ஓடட்டும், ட்ரக்டர் நிற்கட்டும். சொருகியின் அடியில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். இணைப்பு விட்டு விட்டு வந்தால் கள்ளனைப் பிடித்தாயிற்று. யூ.எஸ்.பி. 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான சில போன் சார்ஜ் கேபிள்களில் மின்சாரக் கம்பி இரண்டு மட்டுமே இருக்கும். விளக்கு எரியும், ஆனால் தகவல் வராது. நல்லதென்று தெரிந்த இன்னொரு கேபிளைப் போட்டுப் பார்ப்பதுதான் சுருக்கமான வழி. களிம்பு இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்துக் காயவிடுங்கள். பிளேட்டால் சுரண்டாதீர்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சிலும் ஈரம் உண்டு.

மூன்றாவது, மின்சாரம். ஸ்டார்ட் பண்ணும்போது பற்றரியின் அழுத்தம் சட்டென்று விழும். திரையும் கருவியும் அந்த நேரம் இணைந்திருந்தால் தொடர்பு அறும். முதலில் எஞ்சின், பிறகு கருவி. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு அதன் சொந்தப் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். அப்போது பழுது வராவிட்டால் சார்ஜரையோ அதன் வயரையோ சந்தேகியுங்கள்.

நான்காவது, கேபிளின் நீளமும் பாதையும். யூ.எஸ்.பி. 2.0 கேபிள் ஐந்து மீற்றருக்கு மேல் போகக்கூடாது. ஒன்றோடொன்று பொருத்தி நீட்டாதீர்கள். ஒல்ரனேற்றருக்குப் பக்கத்தாலும் கொண்டுபோகாதீர்கள். சொருகிக்கு ஒரு சாண் தள்ளிக் கேபிளைச் சட்டத்தோடு கட்டிவிட்டால் குலுக்கலைக் கட்டுத்தான் தாங்கும், சொருகி தாங்காது.

ஐந்தாவது, கணினிக்குள். விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்க யூ.எஸ்.பி. துளையைத் தூங்கவைத்துவிடும். டிவைஸ் மனேஜரில் யூ.எஸ்.பி. ரூட் ஹப்பின் பவர் மனேஜ்மென்ற் பக்கத்தில் அந்த அனுமதியின் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். வேறு துளையில் சொருகினால் கொம் போர்ட் இலக்கம் மாறலாம், மென்பொருளோ பழைய இலக்கத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். ஒரு துளைக்கு நிறப்பூச்சுக் குறி வைத்து எப்போதும் அதிலேயே சொருகுங்கள்.

இவ்வளவுக்கும் விலையுயர்ந்த சாமான் எதுவும் தேவையில்லை. கனடாவின் அல்பேர்ட்டாவைச் சேர்ந்த பிறையன் ரிஷ்லர் என்ற விவசாயி தொடங்கிய அக்ஓப்பன்ஜிபிஎஸ் என்ற மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். அதைப் பாவிக்கிறவர்களும் யூ.எஸ்.பி. தொல்லையை அனுபவித்தவர்கள்தான். இன்று அதில் ஈதர்நெற் கேபிள் வழியாகவும் கருவிகளை இணைக்க முடிகிறது.

ஆனால் எல்லாக் கொம்பனிகளும் திறந்து காட்டுவதில்லை. சொந்த இயந்திரத்தைத் தானே பழுதுபார்க்கும் உரிமைக்காக அமெரிக்க விவசாயிகள் பல ஆண்டு போராடினார்கள். 2023இல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கு அந்த உரிமையைச் சட்டமாக்கியது. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. உடைமையாளருக்கே பழுதைத் தெரிந்துகொள்ளும் உரிமைக்குப் போராட வேண்டியிருந்தது என்றால், கூலிக்கு ஓட்டுகிற சாரதியின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே நாங்கள் நான்கு விடயங்களைக் கேட்கிறோம். ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு மேலதிகக் கேபிள் இருக்க வேண்டும். நெடுந்தீவில் கேபிள் பழுதானால் குறிகட்டுவானுக்குப் படகேறி யாழ்ப்பாணம் போய்வர ஒரு நாள் போய்விடும். ஒரு பழுதுக் கொப்பி வேண்டும்; நேரம், திரையில் வந்த செய்தி, செய்து பார்த்தது ஆகியவற்றைச் சாரதி தன் கையால் எழுத வேண்டும். கருவி நின்ற நேரத்துக்கும் சம்பளம் தர வேண்டும். விசாரிக்காமல் பழியோ பணக்கழிவோ கூடாது. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் தொழில்களில், அனுமதிக்கப்பட்ட கழிவைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் பிடிக்க முடியாது. இதை மறக்காதீர்கள்.

வெளிநாடு போகிற தம்பிமாரே, அந்தக் கொப்பியைத் தமிழிலேயே எழுதுங்கள். திகதியையும் நேரத்தையும் திரையின் படத்தையும் சேர்த்து வையுங்கள். யாராவது "நீதான் கெடுத்தாய்" என்று சொன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். பிறகு சங்கத்துக்கு எழுதுங்கள், மற்றதை நாங்கள் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.