வெள்ளைக் கோட்டும் அம்மாவின் பயமும்



நாலாம் வகுப்பில் நான்தான் குட்டை. அம்மா கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் சத்துபானப் பவுடர் பாட்டில் ஒன்றை வாங்கி வந்தார். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தாராம். அதைக் குடித்த பையன் ஒரே மூச்சில் வளர்ந்துவிட்டானாம். அந்த பாட்டிலின் விலை அம்மாவின் மூன்று நாள் கூலி. அதைப் பரண்மேல் வைத்து, ராத்திரி எனக்கு மட்டும் ஒரு கரண்டி கலக்கிக் கொடுப்பார். தங்கைக்குக் கிடையாது. விளம்பரத்தில் வளர்ந்தவன் பையன்தானே.

என் அம்மா ஏமாளி இல்லை, நண்பர்களே. சந்தையில் ஒவ்வொரு கத்தரிக்காயையும் திருப்பிப் பார்த்து, சொத்தை இல்லை என்று தெரிந்த பிறகே தராசில் போட விடுவார். அப்படிப்பட்டவர் அந்த பாட்டிலை மட்டும் ஏன் திருப்பிப் பார்க்கவில்லை? பயம்தான் காரணம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்கிறார். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் விதத்துக்கு அவர் வகுத்த இலக்கணம் அது. நம் விளம்பரங்களை அந்த எட்டில் வைத்துப் பாருங்கள். நகைக்கடை உவகையில் நிற்கிறது. கார் பெருமிதத்தில் ஓடுகிறது. அவற்றை விட்டுவிடுகிறேன். எனக்குக் கவலை தருபவை அச்சமும் இளிவரலும்தான். இளிவரல் என்றால் தன்னைத் தானே இழிவாக உணர்வது. முதுமையிலிருந்தும் நோயிலிருந்தும் அது பிறக்கும் என்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். நரைச் சாயமும் சுருக்கம் போக்கும் களிம்பும் அந்த இடத்தைத்தான் தொடுகின்றன.

நம் நாட்டில் விளம்பரம் புதிதாக ஒன்றையும் சேர்த்தது: நிறம். 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி என்ற சிவப்பழகுக் களிம்பு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது என்று கதை சொல்லி, களிம்பு பூசியதும் எல்லாம் கைகூடுவதாகக் காட்டினார்கள். 2003 வாக்கில் மாதர் சங்கத்தினர் அந்த விளம்பரங்களுக்கு எதிராகப் போராடினார்கள். பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் விலகி 'க்ளோ' ஆனது 2020-இல்தான். இடையில் 45 ஆண்டுகள்! எத்தனை பிள்ளைகள் கண்ணாடிமுன் நின்று தங்கள் முகத்தைத் தாங்களே வெறுத்திருப்பார்கள்! அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

பயத்தை மூட்டினால் மட்டும் சரக்கு விற்காது. 'இதை வாங்கு, சரியாகிவிடும்' என்று சொல்ல நம்பத் தகுந்த ஆள் ஒருவர் வேண்டும். அதற்குத்தான் வெள்ளைக் கோட்டு. 1946-இல் அமெரிக்காவில் கேமல் சிகரெட்டுக்கு ஒரு விளம்பரம் வந்தது. மற்ற சிகரெட்டுகளைவிட இதைத்தான் அதிக மருத்துவர்கள் புகைக்கிறார்கள் என்றது. கவனியுங்கள், உடம்புக்கு நல்லது என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. மருத்துவர் புகைக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். 'அப்படியானால் கெடுதல் இருக்காது' என்ற வாக்கியத்தைப் படித்தவரே தன் மனசுக்குள் எழுதிக்கொண்டார். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி, சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று அறிக்கை வெளியிட்டது 1964-இல்.

இன்று பற்பசை விளம்பரத்தில் கோட்டு போட்டு வருபவரைப் பாருங்கள். அடியில் ஓடும் பொடி எழுத்தையும் ஒருநாள் நின்று படியுங்கள். குரல் உரக்கச் சொன்னதை அந்த எழுத்து மெல்லத் திரும்ப வாங்கிக்கொள்ளும். திரையில் தாயைக் காப்பாற்றிய நடிகர் எண்ணெய்ப் பாக்கெட்டோடு வந்தால், அந்தத் தாயின் நன்றியும் நமக்குள் பாக்கெட்டின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவரும் பொறுப்பாளிதான். அவர் விளம்பரங்களில் தோன்றுவதற்கே ஓராண்டு வரை தடை போடலாம். சொல்வது உண்மையா என்று உரிய முறையில் விசாரித்தவருக்குத்தான் விலக்கு. 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டுங்கள்.

2024 ஏப்ரலில் இன்னொரு செய்தி வந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. ஆகவே இணையக் கடைகள் சத்துபானங்களை அந்தத் தலைப்பில் விற்கக் கூடாது என்று மத்திய வணிக அமைச்சகம் சொன்னது. நாளிதழை எடுத்துப் போய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். போன காசுக்கு வருந்துவார் என்று நினைத்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "சின்னவ தினமும் டம்ளரையே பாத்துக்கிட்டு நிப்பா. அவளுக்கு ஒரு வாய்கூட நான் குடுக்கலையேடா."