பானை நிமிர்ந்த பிறகு

(செண்பகத்தோப்பில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஓய்வுக்குப் பின் ஒரு பொழுதுபோக்கு’. அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்தத் தலைப்பை அழைப்பிதழோடு விட்டுவிடுகிறேன். சக்கரத்தில் உட்காருவது எனக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். எனக்குச் சொல்லித் தருகிற வேளார் பெரியவருக்கு அது சோறு.

இன்று பிற்பகல் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. கல்லூரியின் பழைய ஒர்க்ஷாப் கொட்டகையைச் சரிசெய்து, மாணவர்கள் பழக மண்பாண்டச் சக்கரம் இரண்டு போடுவது என்று. நல்ல தீர்மானம். ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனை ஏன் என்று சொல்லத்தான் இந்த இருபது நிமிடம்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இங்கே வேதியியல் படித்தவன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் 31 வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். நூல் எல்லா இடத்திலும் ஒரே கனமாக ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. கடந்த ஆறு வருடமாக வாரத்தில் நான்கு நாள் வேளார் வீட்டுக் கொட்டகையில் மண் பிசைகிறேன். அங்கேயும் பார்க்கிறது அதே சமாசாரம்தான், ஒரே கனம்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்தத் தோப்புக்கு மேலே தெரிகிற மலையைப் பாருங்கள். 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயிற்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. மேலே ஒரு பிடி மண் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆனால் மலைப் பாறையில் இருக்கிற ஃபெல்ஸ்பார் மழையிலும் வெயிலிலும் சிதைந்து களியாகி, ஓடைவழி இறங்கி, கண்மாயில் வந்து படிகிறது. மலை தானே கொண்டுவந்து கொடுக்கிற அந்த வண்டலைத்தான் இந்தப் பக்கத்துக் குயவர்கள் காலங்காலமாக எடுத்தார்கள். இடையில் கண்மாய் மண் எடுக்க அனுமதி வாங்குவதே பெரும்பாடாக இருந்தது. 2024-ல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரலாம் என்று அரசு மாற்றியதில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. அந்த விஷயத்தை இத்தோடு விடுகிறேன், அதைப் பேச நம் வக்கீல் நண்பர்கள் இருக்கிறார்கள்.

சக்கரத்துக்கு வருவோம். இப்போது சென்னை, மதுரை எல்லா ஊரிலும் ஒருநாள் பயிற்சி நடக்கிறது. காலையில் போனால் சாயங்காலம் ஒரு கிண்ணத்தோடு வரலாம். குறை சொல்லவில்லை, மண்ணைத் தொட்டதே புண்ணியம். ஆனால் அந்தக் கிண்ணத்தில் பாதி வேலை சொல்லித் தருகிறவருடைய கை. மண்ணை நடுவில் நிறுத்த, குழி இறக்க, சுவரைத் தூக்க, இந்த மூன்றும் விடாமல் பழகினால் இரண்டு மூன்று மாதத்தில் யாருக்கும் வந்துவிடும். ஒருநாள் பானை நிமிர்ந்து நிற்கும். வீட்டில் எல்லாரும் கைதட்டுவார்கள்.

அங்கேதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். பானை நிமிர்ந்துவிட்டது, ஆனால் அடுத்ததும் அதே மாதிரி வருமா என்றால் வராது. பத்துப் பானை செய்தால் பத்தும் பத்து உருவம். அதற்குப் பெயர் ‘கைவினையின் அழகு’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வேளாரிடம் அந்தச் சமாதானம் எடுபடாது.

அவர் எனக்கு வைத்த பாடம் இது. தராசில் நிறுத்து ஒரு கிலோ, ஒரு கிலோவாகப் பத்து உருண்டை. பத்திலும் நேர்ச்சுவர், ஒரு ஜாண் உயரம். அளவுக்கு ஒரு ஈர்க்குச்சியில் முடிச்சு. பத்தும் முடிந்ததும் வரிசையாக வைத்து ஒரு பார்வை பார்த்தார். “சார், அந்த மூணாவத எடுங்க” என்றார். வரிசையில் அதுதான் நன்றாக வந்தது. கம்பியை எடுத்து உச்சியிலிருந்து அடிவரைக்கும் இரண்டாக அறுத்தார். “கோணலாப் போனத அறுத்து என்ன பாக்க? அது கோணல்னு வெளியவே தெரியுது. நல்லா இருக்கறதுக்குள்ளதான் களவாணித்தனம் இருக்கும்” என்றார்.

அறுத்த சுவரைப் பார்த்தால் நூற்பாலையில் நான் பார்த்த வரைபடம் மாதிரியே இருந்தது. அடியில் கட்டைவிரல் கனம். நடுவில் வெற்றிலைக் காம்பு. மேலே மறுபடி தடிப்பு. பொதுவாக எல்லாருக்கும் அடியில்தான் மண் தங்கும். விரல் உள்ளே இறங்கித் தரையும் சுவரும் சேரும் மூலையைப் பிடிக்காமல், கொஞ்சம் மேலேயிருந்து தூக்க ஆரம்பிக்கிறோம். மூலையில் இருக்கிற மண் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. பானை கனமாக இருக்கும், ஆனால் உயரம் வராது. உயரம் வரவில்லையே என்று இன்னும் மண் சேர்த்தால், சேர்த்த மண்ணும் போய் அங்கேயே உட்காரும்.

இன்னொன்று வேகம். சக்கரம் சுற்றும் வேகத்துக்கும் கை ஏறும் வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சுற்றுக்கு விரல் அகலத்துக்கு மேல் கை ஏறினால் சுவரில் திருகாணி மாதிரி மேடும் பள்ளமும் விழும். வாய் அகல அகலச் சக்கரம் மெதுவாக வேண்டும். ஏனென்றால் விளிம்பு இருக்கிற இடத்தில் வேகம் தானாகவே கூடுகிறது. இயற்பியல் துறை நண்பர்கள் தலையாட்டுகிறார்கள், சந்தோஷம். மின்சாரச் சக்கரத்தில் பழகுகிறவர்கள் மிதியை ஒரே அழுத்தாக அழுத்திவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். கோலால் சுழற்றிவிடுகிற பழைய சக்கரத்தில் அந்தத் தொல்லை இல்லை. வேலை முடிவதற்குள் அதுவே தளர்ந்து வருகிறது, வேளாரின் கையும் அதற்குப் பழகியிருக்கிறது.

தண்ணீரும் அப்படித்தான். கை வழுக்க வேண்டும் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் சுவர் ஊறித் தொய்ந்துவிடும். தண்ணீருக்குப் பதில், கையில் வழிகிற களிக்குழம்பையே தடவிக்கொள்ளலாம். மூன்று தூக்கலில் முடிக்க முடிந்தால் ஐந்தாவது தூக்கல் வேண்டாம். தரையை விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்கும் அழுத்திவிட வேண்டும். தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இதை விட்டால் காயும்போது தரையில் பாம்பு நெளிந்த மாதிரி விரிசல் வரும். சுவர் முதலில் காய்ந்து சுருங்கும். ஈரமாக இருக்கிற தரை பின்னால் சுருங்கப் பார்க்கும். இடம் இல்லாமல் கிழியும். ஈரத்துணி போட்டு மூடி மெதுவாகக் காயவைப்பது இதற்காகத்தான்.

மூடி செய்ய வரும்போது தெரியும் நம் லட்சணம். எங்கள் கண்மாய் மண்ணில் பலகை தட்டி, 10 சென்டிமீட்டருக்குக் கோடு கீறி, காயவைத்துச் சுட்டு அளந்தேன். ஒன்பதேகாலில் வந்து நிற்கிறது. ஆகவே இன்றைக்குச் சட்டி, அடுத்த வாரம் வேறு மண்ணில் மூடி என்றால் பொருந்தாது. ஒரே மண், ஒரே நாள், ஒரே பதம். ஈரத்திலேயே காலிப்பர் வைத்து அளந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காயவைக்க வேண்டும். ஒரு டஜன் சட்டிக்கு ஒரு டஜன் மூடி, எந்த மூடி எந்தச் சட்டிக்குப் போட்டாலும் உட்கார வேண்டும். இந்தப் பாடத்தில் எனக்கு எட்டு மாதம் போனது.

பிறகு நம் ஊர்க் குயவருக்கே உரிய வித்தை ஒன்று இருக்கிறது. புத்தகம் பார்த்துச் சக்கரம் பழகுகிறவர்கள் முழுப்பானையும் சக்கரத்திலேயே முடிய வேண்டும் என்று நினைக்கிறார்கள். நம் குடமும் சோற்றுப்பானையும் அப்படிப் பிறப்பதில்லை. சக்கரத்தில் வாயும் கழுத்தும் தோளும் முடியும். அடி தடிப்பாகவோ திறந்தோ இருக்கும். கொஞ்சம் வாடிய பிறகு உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் வயிறும் அடியும் உருவாகின்றன. தட்டத் தட்டச் சுவர் மெலிந்து மண்ணும் இறுகுகிறது. உருண்டை அடி, மெல்லிய சுவர், சூட்டைத் தாங்கும் உடம்பு, எல்லாம் அந்தத் தட்டலில் வருவது. மானாமதுரைக்குப் போய்ப் பாருங்கள். அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விக்கு விநாயக்ராம் போன்ற மேதைகள் வாசித்த கடம் அங்கே பிறந்தது. சக்கரத்தில் வனைந்த கடத்தை ஆயிரக்கணக்கான தட்டு தட்டிச் சுருதிக்குக் கொண்டுவருகிறார்கள். சுவரின் கனம் மாறினால் நாதம் மாறிவிடும். அவர்கள் காதால் அளக்கிறதைத்தான் வேளார் அறுத்துக் காட்டினார்.

இதெல்லாம் கலை ரசிகர்கள் பேச்சு, கனம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்கலாம். நம் மாவட்டத்துக்காரர்கள் அப்படிக் கேட்கக் கூடாது. விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்கு அக்னிச்சட்டி எடுக்கிறோம். வேப்பிலையைக் கையில் வைத்து, அதன்மேல் எரிகிற சட்டியை ஏந்தி நடக்கிறோம். சுவர் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் சூடு ஒரே சீராக ஏறாது. மெலிந்த பக்கம் சீக்கிரம் விரியும், தடித்த பக்கம் பிடித்து இழுக்கும். சூளையிலும் இதே கதைதான். தடித்த இடத்தில் ஈரம் மிச்சம் இருந்தால் 100 டிகிரியில் ஆவியாகித் தெறிக்கும். 573 டிகிரியில் மணலில் இருக்கிற குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். சூளையில் உடைந்தால் நஷ்டம் குயவருக்கு. சூளையில் தப்பித்து உள்ளுக்குள் கீறலோடு வந்த சட்டி எங்கே உடையும் என்று நினைத்துப் பாருங்கள். அதை ஏந்துகிறவள் நம் அக்காவோ அம்மாவோதான். பெரியவர் ஒவ்வொரு அக்னிச்சட்டியையும் காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறார். மண்டையான சத்தம் வந்தால் தனியே வைத்துவிடுவார், அது பூந்தொட்டிக்குப் போகும்.

அவருக்கு இரண்டு மகன்கள். ஒருவர் திருப்பூரில், ஒருவர் லாரி ஓட்டுகிறார். “ஏன் இந்தத் தொழிலுக்கு வரலை?” என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கணக்குப் போட்டுத்தான் போயிருக்கிறார்கள், சரியாகத்தான் போயிருக்கிறார்கள். 2018 முதல் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் திட்டத்தில் மின்சாரச் சக்கரங்கள் கொடுக்கிறார்கள். உடம்பு வலி குறைகிறது, நல்லதுதான். ஆனால் சக்கரத்தைக் கொடுக்கலாம், அந்தச் சுண்டிப் பார்க்கிற காதை எந்தத் திட்டத்தில் கொடுப்பது?

பாண்டிச்சேரியில் 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கர் இருவர் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். இன்று நம் நாட்டில் பெயர் சொல்லும் மட்பாண்டக் கலைஞர்கள் பலர் அங்கே பழகியவர்கள். அங்கேயும் ஒருநாளில் யாரும் தேறவில்லை. மாதக்கணக்கில் சக்கரத்தில் உட்கார்ந்தவர்கள்தான் தேறினார்கள்.

இப்போது என் நிபந்தனை. சக்கரம் வாங்க வைத்திருக்கிற பணத்தில் ஒரு சக்கரம் போதும். மிச்சத்தை வேளாருக்கு ஒரு கல்வியாண்டு முழுவதும் மாதச் சம்பளமாகக் கொடுக்க வேண்டும். திறப்பு விழாவில் பொன்னாடை போர்த்தி, ஒரு கிண்ணம் செய்துகாட்டச் சொல்லி, போட்டோ எடுத்து அனுப்பிவைக்கிற ஏற்பாட்டுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். கௌரவ விரிவுரையாளருக்கு என்ன தொகையோ அதே தொகை, குறையக் கூடாது. அறுபது பேர் வேண்டாம், பன்னிரண்டு பேர் போதும். முதல் ஆறு மாதம் கண்காட்சி கிடையாது, செய்ததெல்லாம் அறுபட்டுத் தொட்டிக்கே திரும்பும். தம்பி தங்கைகளே, பெயர் கொடுப்பதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போக ஆறு மாதத்துக்கு ஒன்றும் இருக்காது.

பொருளாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு விவரம் மட்டும். கண்மாய் நிறைந்துவிட்டால் மண் எடுக்க முடியாது. ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டு டிராக்டர் மண் அடித்து, கொட்டகை ஓரத்தில் ஊறப்போட்டாக வேண்டும். மனுவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். தீர்மானம் நிறைவேறினால் தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலில் குறித்திருக்கிறேன்.