வெள்ளி விளக்குத்தண்டும் பொற்சிலம்பும்



விழுப்புரத்திலிருந்து புறப்பட்டால் புதுச்சேரி நெடுந்தொலைவன்று. திண்டிவனத்திலிருந்தும் ஏறத்தாழ அதே தொலைவுதான். அந்நகரில் பல்லாண்டுகள் வாழ்ந்த கவியோகி சுத்தானந்த பாரதியார், பிரெஞ்சு நாவலாசிரியர் விக்தர் யூகோவின் பெருநாவலை ‘ஏழை படும் பாடு’ என்னும் பெயரில் தமிழுக்குத் தந்தார். 1950இல் அது திரைப்படமாகவும் வந்தது. அதில் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்னும் அப்பாத்திரத்தின் பெயரே அடைமொழியாக நிலைத்துவிட்டது. தசலட்சண அறங்கள் பத்தனுள் முதலில் நிற்கும் உத்தம க்ஷமையை, அதாவது பொறையை, எண்ணும் இந்நாளில் அக்கதை நினைக்கத்தக்கது.

யூகோ துன்பத்தை ஏட்டில் மட்டும் கண்டவர் அல்லர். 1843இல் அவருடைய மூத்த மகள், மணமான சில மாதங்களில், படகு கவிழ்ந்து சேன் ஆற்றில் மாண்டாள். அப்போது அவளுக்கு வயது 19. பின்னர் அரசியல் காரணத்தால் நாடு நீங்கிய யூகோ, ஏறத்தாழ 19 ஆண்டுகள் அயல்மண்ணில் வாழ்ந்தார். அங்கிருந்தே 1862இல் இந்நாவலை வெளியிட்டார். மகளை இழந்த அவர், தாயற்ற ஒரு சிறுமியைத் தன் மகளாக ஏற்று வளர்க்கும் மனிதனையே கதைத் தலைவனாக்கினார்.

அம்மனிதன் ழான் வல்ழான். தமக்கையின் ஏழு குழந்தைகளின் பசிக்காக ஒரு ரொட்டியைத் திருடியவன். தப்பியோட முயன்ற குற்றமும் சேர்ந்து 19 ஆண்டுகள் சிறையில் கிடந்தவன். விடுதலையான பின் எவரும் இடம் தராத இரவில் மிரியேல் என்னும் ஆயர் உணவும் படுக்கையும் தந்தார். அவனோ அவர் வீட்டு வெள்ளிப் பொருள்களைக் கவர்ந்துகொண்டு ஓடினான். காவலர் பிடித்துவந்து நிறுத்தியபோது, அவற்றைத் தாமே கொடுத்ததாகச் சொன்ன ஆயர், இரண்டு வெள்ளி விளக்குத்தண்டுகளையும் ஏன் எடுத்துச் செல்லவில்லை என்று கேட்டு, அவற்றையும் அவன் கையில் கொடுத்தார்.

இவ்விடத்தில் நம் உள்ளம் மதுரைக்குச் செல்கிறது. அங்கும் திருட்டுப் பழி. அங்கும் ஓர் அணிகலன். திருடாத கோவலனுக்காகப் பேச ஒரு வாய் இல்லை. கொல்லச் சென்றவர்களுள்ளேயே அவன் தோற்றத்தைக் கண்டு தயங்கியவரும் உண்டு. பொற்கொல்லன் சொல்லே வென்றது. பிரெஞ்சு நாட்டுக் கதையில் திருடியவன் ஒரு சொல்லால் பிழைத்தான். மதுரையில் திருடாதவன் ஒரு சொல்லால் மாண்டான்.

ஆயர் சொன்னது பொய்யல்லவா என்று அணுவிரதம் காப்போர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் வாய்மை என்பது பிறருக்குத் தீங்கு விளையாத சொல் என்று வள்ளுவரும் வரையறுத்தார். பிற உயிர்க்குக் கேடு சூழும் மெய்யையும் சாவகன் தவிர்க்க வேண்டும் என்பதே நம் ஒழுக்க நூல்களின் நெறி.

மன்னிப்புப் பெற்ற மாத்திரத்தில் வல்ழான் திருந்திவிடவில்லை. யூகோ மனித இயல்பை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார் என்பதை இங்கே காண்கிறோம். ஆயரிடம் விடைபெற்றுச் சென்றவன், வழியில் ஓர் ஏழைச் சிறுவனின் நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்துக்கொள்கிறான். சிறுவன் அழுதுகொண்டே போன பிறகே தன் செயலை உணர்ந்து, அவனைத் தேடி ஓடிக் கதறுகிறான். நெடுநாள் பழகிய வினை ஒரு நாளில் உதிர்வதில்லை. நிர்ச்சரை பற்றிப் பாடம் கேட்டவர்களுக்கு இது புதிதன்று.

பொறை துறவியர்க்கும் எளிதன்று. மயிற்பீலி ஏந்திச் சிற்றுயிர்க்கும் இடுக்கண் நேராமல் நடந்த கவுந்தியடிகளே, வழியில் எள்ளிப் பேசிய இருவரை நரிகளாகுமாறு சபித்தார். எள்ளப்பட்ட கண்ணகியும் கோவலனும் அவர்களுக்காக இரங்கி வேண்டிய பின்னரே சாபத்திற்கு ஓராண்டு எல்லை வகுத்தார். அவ்விடத்தில் துறவிக்குப் பொறையை நினைவூட்டியவர்கள் இல்லறத்தார் இருவர்! கோவலன் கொலையுண்டதைக் கேட்ட அடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். செஞ்சிக்கருகில் திருநாதர்குன்றில் 57 நாள் நோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டைக் கண்டவர்கள், கவுந்தியின் முடிவை வெறுங்கதையாகக் கொள்ளமாட்டார்கள்.

இனி ஜாவர். கையூட்டுக்கு மயங்காதவர், சட்டத்தையே அறமாகக் கொண்டவர். தாம் வாழ்நாளெல்லாம் துரத்திய வல்ழானே தம் உயிரைக் காத்து விடுத்தபோது, அவருடைய தராசு முறிந்தது. சேன் ஆற்றில் வீழ்ந்து மாண்டார். பாண்டியனும் தன் தீர்ப்புப் பிழைத்ததென்று அறிந்த கணமே அரியணையில் உயிர் விட்டான். இருவரும் தீயவர் அல்லர். ஆயினும் பாண்டியனை வீழ்த்தியது அவன் செய்த அநீதி. ஜாவரை வீழ்த்தியதோ அவர் பெற்ற கருணை. இதனை எண்ணிப் பார்க்குந்தோறும் யூகோவின் துணிவு வியப்பூட்டுகிறது.

வல்ழான் பின்னாளில் பெயர் மாற்றிச் செல்வரானான், நகரத் தலைவருமானான். அப்போது, தன்னைப்போல் தோன்றிய ஓர் ஏழை தனக்குப் பதிலாகத் தண்டனை பெறவிருந்தான். வாளா இருந்திருந்தால் வல்ழானுக்கு அச்சமில்லை. ஓரிரவு முழுதும் தன்னோடு போராடி, மறுநாள் வழக்குமன்றத்தில் நுழைந்து, தானே அக்குற்றவாளி என்றான். அன்று மதுரையில் ஒலிக்காத குரல் அது.

அத்தனை செல்வத்திலும் வறுமையிலும் அவன் விற்காதவை அந்த விளக்குத்தண்டுகள். கதையின் இறுதி இரவில், வளர்ப்பு மகள் அருகிருக்க அவன் கண் மூடியபோது, அவ்விரண்டிலும் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன.