திங்களும் சோமவாரமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "கால் மணி நேரம் பேசுங்க. ஆட்டோமேஷன், எலக்ட்ரிக் வண்டி, எதுவா இருந்தாலும் சரி" என்றார். அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக் கூடியவர்கள் இந்த அரங்கில் நூறு பேர் இருக்கிறார்கள். நான் ஒன்றாம் வகுப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். பின் வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் கால் மணி நேரம் எழுந்து போகாதீர்கள்.

ஓசூர்ப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஷிஃப்ட் கணக்கு மனப்பாடம். ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட், வாரத்துக்கு ஒன்று மாறும். பி ஷிஃப்ட் வாரத்தில் மத்தியானம் 2 மணிக்குத்தான் உள்ளே போக வேண்டும். காலை முழுக்க எனக்குக் காலி. எங்கள் கம்பெனி பக்கத்திலுள்ள ஓர் அரசுத் தொடக்கப் பள்ளிக்குக் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தது. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன். தலைமையாசிரியை அம்மா, "சார், சும்மா நிக்கிற நேரத்துல பசங்களுக்கு ஒரு கதை சொல்லுங்களேன்" என்றார். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் ஒரு மணி நேரம் போய் வருகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த அம்மாவுக்கு விளம்பரம் பிடிக்காது. தவிர, அப்படிப்பட்ட பள்ளி சூளகிரி, பாகலூர், தளி, கெலமங்கலம் என்று எங்கே போனாலும் உண்டு.

இரண்டு ஆசிரியைகள், ஐந்து வகுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று மூன்றும் ஒரே அறையில். அந்த அறையில் எத்தனை பாஷை என்று ஒரு நாள் விரல் விட்டு எண்ணினேன். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள்தான் அதிகம். அப்புறம் கன்னடம், தமிழ், உருது. கட்டட வேலைக்கும் கம்பெனிக் கான்ட்ராக்ட் வேலைக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒடியா, இந்தி. நம் எல்லைப் பகுதி எப்போதுமே இப்படித்தான். 'ஹொஸ ஊரு' என்கிற கன்னடப் பெயருக்குப் புது ஊர் என்று அர்த்தம். தமிழ்நாட்டில் எத்தனையோ 'புதூர்' இருக்கிறதே, அதுதான் இதுவும். 1970-களில் சிப்காட் வந்த பிறகு தொழிற்சாலைக்கு வந்தவர்கள் மேலும் பாஷைகளைக் கொண்டு வந்தார்கள். தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகளும் இங்கே உண்டு. ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அவை பக்கத்தில் கிடைப்பதில்லை. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு மற்ற வழிப் பள்ளிகளிலும் தமிழ் ஒரு பாடம்.

திங்கட்கிழமை காலை அந்த வகுப்பில் முதல் வேலை கரும்பலகையில் கிழமை எழுதுவது. ஒரு திங்களன்று டீச்சர் "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். தமிழ்ப் பிள்ளைகள் "திங்கள்" என்றன. தெலுங்குப் பையன் "சோமவாரம்" என்றான். கன்னடச் சிறுமி "சோமவார" என்றாள். இந்திப் பையன் "சோம்வார்." ஒடியாச் சிறுமி ஒருத்தி, அதுவரை வாயே திறக்காதவள், மெதுவாக "சோமபார" என்றாள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. நாலு பாஷை ஒரு பக்கம், தமிழ் மட்டும் தனி! டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? பலகையில் ஒரு நிலா வரைந்தார். "திங்கள்னா நிலா. சோமன்னாலும் நிலாதான். எல்லாரும் ஒண்ணைத்தான் சொல்றீங்க" என்றார். செவ்வாய்க்கு மங்களவாரம், இரண்டும் ஒரே கிரகம். வியாழனுக்குக் குருவாரம், வெள்ளிக்குச் சுக்கிரவாரம், அதுவும் அப்படியே. புதனுக்கும் சனிக்கும் பெயரே மாறவில்லை. அந்த வாரம் முழுக்கக் காலையில் கிழமை எழுதும் வேலை அந்த ஒடியாச் சிறுமிக்கு. வெள்ளிக்கிழமைக்குள் அவள் தமிழில் ஐந்து கிழமையும் பார்த்து எழுதினாள். இதை ஒரு பெரிய சாதனை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் அவள் ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை.

எழுத்து சொல்லிக் கொடுப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. தமிழில் 'ப' ஓர் எழுத்துதான். 'படம்' என்கிறபோது ஓர் ஒலி, 'தம்பி' என்கிறபோது வேறு ஒலி. தமிழ் பேசும் வீட்டுக் குழந்தைக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை; காது பார்த்துக் கொள்ளும். தெலுங்கிலும் கன்னடத்திலும் அவை இரண்டும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு ஒலி. அந்த வீட்டுக் குழந்தை 'தம்பி' என்பதை எழுத்துக் கூட்டி 'படம்' ஒலியில் வாசிக்கும்போது, அது தப்பு செய்யவில்லை. எழுத்தை நம்பி வாசிக்கிறது. 'க' இன்னும் மோசம். 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் மூன்று விதம். 'ம்' பக்கத்தில் வந்தால் எப்படி, 'ங்' பக்கத்தில் வந்தால் எப்படி என்று அந்தக் குழந்தைக்கு ஒரு விதியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழே தெரிந்த வகுப்புக்கென்று எழுதிய பாடப் புத்தகத்தில் அந்த விதிக்கு ஏது இடம்? டீச்சர்தான் தன் கையிலிருந்து போட வேண்டும்.

அதே எல்லைப்புறம் உதவியும் செய்கிறது. கன்னடத்தில் சொல்லின் முதல் 'ப' பெரும்பாலும் 'ஹ' ஆகிவிடும். பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு. 'வ' 'ப' ஆகும், ஆங்கில 'பி' ஒலியோடு: வா என்பது பா, வேர் என்பது பேரு. டீச்சர் இதை ஒரு விளையாட்டாக்கி விட்டார். தமிழ்ச் சொல் ஒன்றை ஒரு பிள்ளை சொல்ல வேண்டும், கன்னடப் பிள்ளை மாற்றிச் சொல்ல வேண்டும். புதன்கிழமை மத்தியானம் முட்டை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து இதை ஆடுகிறார்கள். டீச்சர் எந்த மொழியியலும் படித்தவர் இல்லை. அவர் வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், அவ்வளவுதான்.

கணக்கிலும் இந்தக் கதை உண்டு. நாம் முப்பத்தொன்பது என்கிறோம். முப்பதும் ஒன்பதும் பெயரிலேயே தெரிகிறது. இந்தியில் அது 'உன்தாலீஸ்', அதாவது நாற்பதுக்கு ஒன்று குறைவு. இந்திப் பையன் 39-ஐ 49 என்று எழுதினால் அவன் மண்டை 'சாலீஸ்' பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். துடைப்பக் குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி டீச்சர் காட்டுவார். மூன்று கட்டு, ஒன்பது உதிரி. அதற்குப் பாஷை வேண்டாம். (நம் தமிழும் தொண்ணூறில் சறுக்குகிறது என்பதை அந்தப் பையன்தான் எனக்குச் சொன்னான். எண்பதுக்கு அப்புறம் நூறு எங்கிருந்து சார் வந்தது என்று கேட்டான்.)

இந்த முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ரிஷி வேலியில், பல வகுப்பும் ஒரே அறையில் இருக்கும் கிராமப் பள்ளிகளுக்காகப் பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணி போல அடுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏற வழி செய்தார்கள். அதைப் பார்த்து 1995-ல் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவன கோட்டையில் 'நலி கலி' பிறந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலாகத் தொடங்கி, 2007-08-ல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஒரே விதை மூன்று மாநிலத்தில் மூன்று பாஷையில் முளைத்திருக்கிறது. ஓசூர்க்காரனுக்கு இதில் ஒரு தனிப் பெருமை, மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரைப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுப்பது. அடுத்த ஆண்டு நாலு, ஐந்துக்கும் நீட்டினார்கள். செயலியில் மதிப்பீடு பதிவதற்குள் டீச்சருக்குத் தலைவலி வந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் உட்கார்ந்தாலும் அவமானமில்லை என்று ஆனது நல்ல காரியம்.

எண்ணிக்கை கேட்பீர்கள், எஞ்சினீயர்கள் அல்லவா? கிராமப்புற வீடுகளுக்கே போய்ச் சோதிக்கும் 'ஏசர்' ஆய்வில், தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018-ல் 100-க்குப் பத்துப் பேர் அளவு. 2022-ல் ஐந்துக்கும் குறைவு. 2024-ல் 12 அளவுக்கு ஏறியது. ஏற்றம்தான். ஆனால் நம் லைனில் 100 பீஸுக்கு 88 ரிஜெக்ட் என்றால் யார் தூங்குவோம்?

இந்த இடத்தில் நம் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. டீச்சர் வருகைப் பதிவேட்டைக் காட்டி, "சார், இந்தப் பையன் மூணு வாரத்துக்கு ஒரு வாரம் காணாமப் போறான், ஏன்னு பாருங்க" என்றார். பார்த்தேன். அவன் அப்பா சி ஷிஃப்ட் வாரத்தில் விடியற்காலை வந்து படுத்துவிடுகிறார். அம்மா அதற்குள் பூப் பறிக்கப் போய்விடுகிறார். பையனைக் கொண்டு வந்து விட ஆளில்லை. நாம் போர்டில் ஒட்டும் ஷிஃப்ட் ஷெட்யூல் ஒன்றாம் வகுப்பு அட்டென்டன்ஸில் அப்படியே தெரிகிறது! பாடம் வாரக் கணக்கில் நகர்கிறது. மூன்றில் ஒரு வாரம் போனால் அவனுக்கு ஏணியில் மூன்றில் ஒரு படி இல்லை. சந்தை நாளிலும் இதே கதைதான், அன்றைக்கு வகுப்பில் பாதி இடம் காலி. 2023 ஆகஸ்டில் காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் தேவலை. "சாப்பாட்டுக்காகவே தானா நடந்து வந்துடறான் சார்" என்கிறார் டீச்சர். பையனுக்குப் பொங்கல் பிடிக்கும், உப்புமா என்றால் முகம் சுளிப்பான், ஆனால் வருகிறான்.

அந்த ஒடியாச் சிறுமி மொட்டு நிலைக்கு வந்தாள். 'அணில்' என்று எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். அடுத்த பி ஷிஃப்ட் வாரம் போனபோது அவள் இடத்தில் வேறு பிள்ளை. கட்டட வேலை முடிந்து அப்பா அத்திப்பள்ளிப் பக்கம் போய்விட்டாராம். ஜுஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி; நாம் டீ குடிக்கப் போகும் தூரம். ஆனால் அந்தக் குழந்தைக்கு அங்கே எழுத்தே வேறு. வீட்டில் ஒடியா, ஒரு வருஷம் தமிழ், இனி கன்னடம். ஏழு வயசுக்குள் மூன்றாவது பாஷை. அவள் ஏறிய படிகள் அந்தப் பள்ளிக்கு எப்படித் தெரியும்? மாற்றுச் சான்றிதழில் அரும்பு, மொட்டு எல்லாம் கன்னட டீச்சருக்குப் புரியுமா? டீச்சர் ஒரு வெள்ளைத் தாளில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி அந்த அம்மா கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார்: இவளுக்கு நூறு வரை எண் தெரியும், சொற்கள் வாசிப்பாள், வெட்கப்படுவாள், கிழமை எழுதச் சொல்லுங்கள்.

குழந்தை முதலில் தாய்மொழியில் கற்க வேண்டும் என்று 1953-லேயே யுனெஸ்கோ அறிக்கை சொல்லிவிட்டது. ஒடிசாவில் 2006-07 முதல் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் தொடங்கிப் பிறகு ஒடியாவுக்கு மாற்றும் பள்ளிகள் நடக்கின்றன. ஆறு பாஷைக்கு ஆறு ஆசிரியர் நம் பள்ளியில் நடக்காத காரியம். அந்தக் கனவெல்லாம் எனக்கில்லை. ஆனால் தன் பாஷையில் ஒரு புத்தகமாவது அந்த அறையில் இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரிவது நடக்கக் கூடியது.

நம் சங்கம் இந்த ஆண்டு ஒரு பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு. ஸ்மார்ட் போர்டு என்கிறார்கள், சுவருக்குப் பெயின்ட் என்கிறார்கள். இரண்டும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயின்ட் நன்றாகத்தான் இருக்கும். என் கட்சி வேறு. பெங்களூரில் பிரதம் புக்ஸ் 2015-ல் 'ஸ்டோரிவீவர்' என்று தொடங்கிய இணையதளத்தில் ஒரே கதை பல பாஷையில் இருக்கிறது: தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, ஒடியா, இந்தி. அச்சிட்டுக் கொள்ள அனுமதி உண்டு. ஒரு பக்கம் தமிழ், எதிர்ப் பக்கம் குழந்தையின் பாஷை என்று 20 கதைகளை அச்சடித்து, கெட்டி அட்டை போட்டுக் கொடுத்தால், தெலுங்கு வாசிக்கத் தெரிந்த பாட்டி வீட்டில் பேரனுக்கு வாசித்துக் காட்டலாம். எதிர்ப் பக்கத்தை அவன் பாட்டிக்கு வாசிக்கட்டும். ஏற்கனவே நான் ஐந்து கதையை ஜெராக்ஸ் போட்டு ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்திருக்கிறேன். மூன்று கதை கிழிந்து போயிற்று. கிழிகிற அளவுக்குப் புரட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று, இதற்குக் காசே வேண்டாம். இங்கே ஷிஃப்ட் போடும் அதிகாரம் உள்ளவர்கள் பத்துப் பேராவது உட்கார்ந்திருக்கிறீர்கள். சி ஷிஃப்ட் வாரத்தில் சின்னப் பிள்ளை வைத்திருக்கும் தகப்பன்மார்களை ஒரு தடவை கூப்பிட்டு, காலையில் பிள்ளையை யார் பள்ளியில் விடுகிறார்கள் என்று கேளுங்கள். பஸ் அந்த வழியாகத்தான் வருகிறது என்றால் பள்ளி வாசலில் அவரை இறக்கிவிட முடியுமா என்று பாருங்கள். எங்கள் கம்பெனியில் இரண்டு பேருக்கு இது நடந்திருக்கிறது.

சாம்பிளுக்கு மூன்று புத்தகம் கொண்டு வந்திருக்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் பதிவு மேஜை அருகில் நிற்பேன். தெலுங்கோ கன்னடமோ உருதோ ஒடியாவோ எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெயர் கொடுத்தால் மெய்ப்புப் பார்க்க உதவியாக இருக்கும். தற்போது படிக்கும் தம்பி தங்கைகளில் பாகலூர், பேரிகை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அவசியம் வாருங்கள்; உங்களுக்கு அந்தப் பாஷைகள் வீட்டுச் சொத்து.