மணிக்கூண்டில் பெயரில்லாத 14 பேர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம்ம வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு இருக்கே, அதை எத்தனை பேர் நின்று படித்திருக்கீங்க? படிக்கிற காலத்தில் நானும் மணி பார்க்கத்தான் தலையைத் தூக்கினேன். அதில் ஒரு கல்வெட்டு உண்டு. இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் 1914-18 மகா யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. அவ்வளவுதான்.

வேலூர் அப்போதே நகராட்சி. பிறகு ஏன் ‘கிராமம்’? சென்னை மாகாணத்தில் பல ஊர்களில் இதே வாசகம்தான். ஊர்ப் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். போனவர்களின் வீட்டாரில் எத்தனை பேருக்கு அந்த மொழி படிக்க வந்திருக்கும்? கல் வைத்தது யாருக்காக என்று இப்போது தெரிகிறதல்லவா? சரி, அந்த 14 பேர் யார்? கல்லில் பெயரே இல்லை.

இந்தக் குறை நம் ஊரோடு நிற்கவில்லை. இராக்கில், பஸ்ரா நினைவிடத்தில், இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். சாதாரணச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பாரபட்சத்துக்கு மன்னிப்புக் கேட்டது 2021-இல்தான். நம் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று எழுந்த சிப்பாய்களின் கதையும் அப்படியே. மக்கான் சந்திப்பில் அவர்களுக்குத் தூண் வந்தது 1998-இல்.

ஆனால் பெயர்கள் அடியோடு அழிந்துவிடவில்லை. அந்த ஆணையத்தின் பதிவேட்டை இப்போது கம்ப்யூட்டரிலேயே தேடலாம். பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் உண்டு. வேலூர் என்று மட்டும் தேடாதீங்க, வட ஆற்காடு என்ற அந்தக் கால ஜில்லாப் பெயரையும் போடணும். ஆங்கில எழுத்தில் நம் பெயர்கள் படுகிற பாடு உங்களுக்கே தெரியும், பொறுமை வேணும். வீட்டுப் பெரியவர்களையும் கேளுங்க. பழைய டிரங்குப் பெட்டியில் மெடல் கிடந்தால் அதன் விளிம்பைப் பாருங்க. சிப்பாயின் நம்பர், பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கேதான் பொறித்திருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீங்க!

வரலாற்றுத் துறை மாணவர்கள் தயாரென்றால், வருகிற ஞாயிறு காலை கடை திறப்பதற்குள் மணிக்கூண்டுக்கு நானும் வருகிறேன். 14 வரி காலியாக விட்டு ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.